மணல் குழிக்குள் ஊத்தா இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

அன்று காலை குழிக்கரையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், வாட்ச்மேன் சோணைமுத்து அண்ணன், தூண்டில் போட வந்த ராமலிங்கம் அண்ணன். இல்லாதவர்கள்தான் அதிகம். முதலாளி இல்லை. மல்லாங்கிணற்றில் அவருடைய தங்கச்சி மகள் கல்யாணம், முதல் நாளே போய்விட்டார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊரின் நாட்டாமையும் அதே கல்யாணத்தில்தான். கரண்ட் இல்லை. ராத்திரி பெய்த மழையில் எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது. ஜெனரேட்டரும் இல்லை. கல்யாண வீட்டு சீரியல் பல்புக்கு வேண்டுமென்று அதையும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இருந்த மூன்று பேரில் நீச்சல் தெரிந்தவர் சோணைமுத்து அண்ணன் மட்டும். அவருக்கும் ஒரு முழங்கால் மடங்காது.

மீன் குளத்து வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் வாசிக்க வேண்டுமென்று இதை எழுதுகிறேன். மீனுக்கு வரும் நோயைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது கரையில் நின்று பயந்ததைப் பற்றி.

1. குழி

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் இருந்து உள்ளே பிரிந்து, குண்டாற்றுப் பக்கமாகப் போனால் எங்கள் குழி வரும். முதலாளியின் பட்டா நிலம். சவுடு மண் எடுக்கிறோம் என்று ஒரு கான்ட்ராக்டர் ஆரம்பித்து, கீழே நல்ல மணல் அகப்பட்டதும் நிறுத்தாமல் தோண்டியிருக்கிறார். என் அப்பா அங்கேதான் லோடு ஏற்றினார். மண்வெட்டி பிடித்த காசில்தான் நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். படித்து முடித்து அதே குழிக்கு மேனேஜர் வேலைக்குப் போனபோது அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் கீழ நின்னு பாத்த எடத்த நீ மேல நின்னு பாக்கப் போற" என்றார்.

குவாரி நின்றபின் ஊற்றும் மழையுமாகக் குழி நிரம்பிவிட்டது. முதலாளி கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை விட்டார். மொத்தமாக வலை போட்டு விற்பதைவிட, தூண்டிலுக்கு விட்டால் காசு அதிகம் என்று யாரோ சொல்ல, கரையைச் சுற்றித் தகரக் கொட்டகைகள் போட்டு, மணிக்கணக்கில் டிக்கெட் வைத்தார். விருதுநகர், மதுரையில் இருந்தெல்லாம் ரீல் வைத்த தூண்டிலோடு வந்தார்கள். பிடித்த மீனை எடை போட்டு வாங்கிக்கொண்டு போகலாம், வேண்டாமென்றால் திரும்ப விட்டுவிடலாம். பத்துக் கிலோவுக்கு மேலே வளர்ந்த கட்லா எங்களிடம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கேட்டது ஒரே கேள்வி.

"நீச்சத் தெரியுமாப்பா?"

"தெரியாதுங்க."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவன்தான் எறங்குவான். தெரியாதவன் கரையிலயே நின்னு வேலையப் பாப்பான்."

அந்த வாரமே நானும் சோணைமுத்து அண்ணனும் தெர்மக்கோல் தெப்பத்தில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தோம். தெப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என் பங்கு. கிழக்குக் கரையில் லாரி ஏறி இறங்கிய பாதை அப்படியே சரிவாகத் தண்ணீருக்குள் போகிறது. அதை ராம்ப் என்போம். அது பயமில்லை. வடகரைதான் மோசம். அங்கே மெஷின் படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்தது. இறங்கினால் முதலில் ஒரு திட்டு, முழங்கால் தண்ணீர். ஒரு பஸ்ஸின் நீளத்துக்கு உள்ளே நடந்தாலும் இடுப்பைத் தாண்டாது. அடுத்த எட்டு வைத்தால் கீழே ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் சோணைமுத்து அண்ணன் கயிற்றை விட விட அது போய்க்கொண்டே இருந்தது. அஞ்சு ஆள் ஆழம்.

மேலே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்லாக் கண்மாயையும் போலப் பச்சையாக, சலனமில்லாமல் கிடக்கும். "ஆழம், இறங்காதே" என்று நாலு போர்டு வைத்தோம். ஆடுகள் அதில் முதுகைச் சொறிந்து எழுத்தைத் தேய்த்துவிட்டன.

2. மழை

எங்கள் பக்கத்தில் மழைக்குப் பயப்படுகிறேன் என்று சொன்னால் கை நீட்டி அடித்துவிடுவார்கள். ஆனால் ஆழமான குழியில் மீன் வளர்ப்பவன் கோடை மழைக்குப் பயந்துதான் ஆக வேண்டும். மாதக்கணக்கில் வெயில் அடிக்கும்போது மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் தனித்தனியாகக் கிடக்கும். அடியில் காற்று கிடையாது. மீன் கழிவும் அழுகலும் மட்டும். திடீரென்று குளிர்ந்த மழைத்தண்ணீர் பெருகி உள்ளே வந்தால் அது கனம், நேராக அடிக்குப் போகும். அடியில் கிடந்தது மேலே வரும். மீன் மூச்சு முட்டிப் போகும். அதனால்தான் குழிக்கு வரும் ஓடைக்குக் குறுக்கே ஒரு ஷட்டர் வைத்து, கோடை மழைக்கு அதைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வண்டியை நிறுத்தும்போதே அழுகின முட்டை வாடை அடித்தது. சோணைமுத்து அண்ணன் ஷட்டர் மேலே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஓடை சலசலவென்று குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, யாரு ஷட்டரத் தொறந்தது?"

"நாந்தேன். விடியக்காலம் ஓடையில தண்ணி அம்புட்டும் வீணா ஆத்துக்குப் போகுது. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்ல?"

"சொன்ன. அப்ப தண்ணி வரல. வர்ற தண்ணிய எவனாச்சும் மறிப்பானா, மேனேஜரு?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் நரிக்குடிப் பக்கம் மானாவாரி வெள்ளாமை செய்தவர். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் அவர் கை தானாகவே மடையைத் திறக்கும். நான் ஷட்டரை இறக்கிவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

பச்சையாக இருந்த தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. கரையோரம் பூராவும் மீன் தலைகள். கட்லா, ரோகு என்று வித்தியாசமில்லாமல் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் போனாலும் விலகவில்லை. அத்தனை வாயும் ஒன்றாகத் திறக்கும் சத்தம், பாயாசத்தை உறிஞ்சுகிற மாதிரி, கரையைச் சுற்றிலும் கேட்டது. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நாலும் ஓடினால் பாதியையாவது காப்பாற்றலாம். கரண்ட் இல்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"மழையா? நம்ம பக்கம் பேஞ்சுருச்சா? நல்ல சேதி சொன்னப்பா. தண்ணிய உள்ள விட்டுட்டீகளா?"

"மீனு சாகப் போகுதுங்க. ஜெனரேட்டர் வேணும்."

"தாலி கட்டுற நேரமப்பா. முடிச்சுட்டு அனுப்புறேன்."

ராமலிங்கம் அண்ணன் அந்த நேரத்தில்தான் வந்தார். அருப்புக்கோட்டையில் எட்டு பவர்லூம் வைத்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் தூண்டில் பெட்டியும், நீளக் கம்பு வைத்த ஏந்து வலையும், தோளில் வெள்ளைத் துண்டுமாக வருவார். மீன் பிடித்தால் முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப விட்டுவிடுவார். கரையைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, இன்னைக்குத் தூண்டிலே தேவைப்படாது போலருக்கே" என்றார். சிரிக்கவில்லை.

மூன்று பேரும் மூங்கில் கம்பை எடுத்துத் தண்ணீரை அடித்தோம். அடிக்கிற இடத்தில் கொஞ்சம் காற்று கலக்கும். அவ்வளவு பெரிய குழிக்கு அது எறும்பு தும்மின மாதிரி. ஆனாலும் சும்மா நிற்க முடியவில்லை.

3. அக்கரையில் இருந்து

சோணைமுத்து அண்ணன் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் அக்கரை ஊரில் இருந்த தன் சம்சாரத்துக்குப் போன் போட்டார். "மீனு பூராம் மேல வந்து வாயப் பொளக்குது. கண்ணால காணாத காட்சி" என்று ஆச்சரியத்தோடு சொன்னது என் காதிலும் விழுந்தது. அதன் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் தண்ணீர் வற்றி, மீன் மேலே வந்து வாய் பிளக்க ஆரம்பித்தால் கண்மாய் அழியப்போகிறது, மீனை ஒட்டப் பிடிக்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாவோடு வந்துவிடும். ஊத்தா என்பது இரும்பு வளையம் கட்டிய, அடியில்லாத மூங்கில் கூடை. அதைச் சேற்றில் அமுக்கி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளே மாட்டிய மீனை எடுப்பார்கள். மீன் யாருடையது என்று அன்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். நாட்டாமை கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுகிற வரைக்கும் ஒருவரும் இறங்கக் கூடாது. வீசியதும் எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள்.

முதலில் ஆற்று மணலில் பத்துப் பேர் வருவது தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் இன்னும். தலையில் ஊத்தாவைக் கவிழ்த்துக்கொண்டு, கொசுவலை, பழைய சேலை, பிளாஸ்டிக் குடம் எல்லாமாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடகரை நிறைந்துவிட்டது. வேலி என்று நாங்கள் வைத்திருந்தது நாலு வரி முள்கம்பி. இரண்டு பேர் அதை மிதித்துப் பிடிக்க, மற்றவர்கள் தாண்டினார்கள்.

முன்னால் வந்தது பாண்டியம்மா. கொத்தனாருக்குச் சித்தாள் வேலை பார்க்கிறவர், வாய்க்கு அந்த ஊரே பயப்படும்.

"அக்கா, இது கண்மாய் இல்ல. மணல் அள்ளுன குழி. அஞ்சு ஆள் ஆழம். தயவுசெஞ்சு யாரும் எறங்காதீக" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, மீனத் தர மனசில்லைன்னா நேராச் சொல்லு. படிச்ச புள்ள பொய் சொல்லாத."

"பொய் இல்லக்கா. அளந்து பாத்திருக்கேன்."

"நானும் அளக்குறேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரத்தில் இறங்கினார். முழங்கால் தண்ணீர். இன்னும் நாலு எட்டு உள்ளே போனார். அதே முழங்கால். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "அஞ்சு ஆளாம்டி. எந்த ஊரு ஆளு, கோழிக்குஞ்சா?"

கரை பூராவும் சிரித்தது.

அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. திட்டு இருக்கிற வரைக்கும் அவர் சொல்வதுதான் உண்மை. நான் சொல்வது உண்மையென்று தெரிய ஒருவர் கடைசி எட்டை வைக்க வேண்டும். அது வரைக்கும் ஒருவரும் என்னை நம்பப் போவதில்லை.

பாண்டியம்மா கரையேறிவிட்டார். வெள்ளை வீசாமல் இறங்கினால் ஊர்க் குற்றம். நாட்டாமை கல்யாணத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும், வேறு யார் வீசுவது என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது. அந்த வழக்கம் மட்டும்தான் அவர்களைக் கரையில் நிறுத்தியிருந்தது. போலீசுக்குப் போன் போட்டேன். வருவதாகச் சொன்னார்கள். கூட்டம் இரட்டையாகிக்கொண்டிருந்தது.

4. துண்டு

ராமலிங்கம் அண்ணன் வடகரையின் மேட்டில் நின்றிருந்தார். கடைசிக் கோடியில் சிலர் இறங்கத் தயாராகக் குனிவதைப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பதற்றத்தில் அதுதான் வாயில் வந்தது. ஏதோ கத்தினார். அவ்வளவு தூரத்துக்குக் குரல் போகவில்லை. உடனே தோளில் கிடந்த துண்டை உருவி, வேண்டாம் வேண்டாம் என்று தலைக்கு மேலே வீசினார்.

மேட்டில் ஒரு பெரிய மனுஷர், வேட்டி சட்டை, கையில் வெள்ளைத் துண்டு.

கூட்டம் 'ஹோ'வென்று ஒரே குரலாக எழுந்தது. கரை முழுக்க இருந்த ஆட்கள் தண்ணீருக்குள் இருந்தார்கள். ராமலிங்கம் அண்ணன் கை தலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

ஊத்தா போடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அமுக்குவார்கள். கையை விட்டுத் துழாவுவார்கள். தூக்குவார்கள். ஒரு எட்டு முன்னால் வைத்து மறுபடி அமுக்குவார்கள். பின்னால் வரவே மாட்டார்கள். நூறு பேருக்கு மேல் ஒரே வரிசையாக, தோளோடு தோளாக, அப்படி எட்டு எட்டாகத் திட்டின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பொம்பளைகள் பாதிக்கு மேல். இடுப்பில் கைப்பிள்ளையோடு ஒருத்தியைப் பார்த்தேன். நான் கத்தினேன். சோணைமுத்து அண்ணன் கத்தினார். நூறு பேர் சந்தோஷமாகக் கத்தும்போது இரண்டு பேர் பயந்து கத்துவது கேட்காது.

பாண்டியம்மா எல்லாருக்கும் முன்னால். இடுப்புத் தண்ணீரில் ஊத்தாவை ஓங்கி அமுக்கினார். அது அடியில் முட்டவில்லை. கையை விட்டு அப்படியே கீழே போனது. போன கூடையைப் பிடிக்க அவர் குனிந்தார். அவரும் போனார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். தண்ணீரில் அவர் இருந்த இடம் காலியாக இருந்தது. அடுத்த பொம்பளை அவர் சேலை முந்தானையைப் பிடித்திருக்கிறாள், ஆனால் அவள் காலுக்கடியில் மணல் சரிந்து அவளும் கழுத்து வரை போய்விட்டாள். ராமலிங்கம் அண்ணன் எப்படி மேட்டில் இருந்து அங்கே வந்தார் என்று தெரியவில்லை. செருப்போடு தண்ணீரில் நின்று, ஏந்து வலையின் நீளக் கம்பை நீட்டினார். முதலில் ஒரு கை பிடித்தது, பிறகு இன்னொரு கை. அவரை இரண்டு ஆள் பின்னால் இருந்து இழுத்தார்கள்.

பாண்டியம்மா திட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து தண்ணீரைக் கக்கினார். கூச்சல் போடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னார். "அடி இல்லடி. கால வச்சேன். அடியே இல்ல."

கேட்ட பத்துப் பேர் நின்றார்கள். மற்ற தொண்ணூறு பேருக்கு அது தெரியாது. வரிசையின் அந்தக் கோடி இன்னும் அமுக்கித் தூக்கி, எட்டு வைத்துக்கொண்டிருந்தது.

5. ராம்ப்

மீன் என்னுடையது இல்லை. கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்தால் பாதி மீன் பிழைக்கும் என்ற நம்பிக்கை அப்போதும் இருந்தது. ராம்பில் இறங்கிக் கலக்கினால் அந்தப் பாதியும் போய்விடும், அதுவும் தெரியும். இதெல்லாம் பிறகு முதலாளிக்குச் சொல்வதற்காக யோசித்தது. அப்போது மனதில் இருந்தது ஒன்றுதான். மீன் ஆழத்தின் பக்கம் இருக்கிற வரைக்கும் அவர்கள் ஆழத்துக்குத்தான் போவார்கள்.

ராம்புக்கு ஓடினேன். அங்கே சரிவில் மீன் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தது. தொடை ஆழம் வரை இறங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு தண்ணீருக்குள் நின்றது அன்றுதான். ஒரு பெரிய கட்லாவின் செவுளுக்குள் விரலை விட்டு இழுத்துக் கரையில் எறிந்தேன். ஈர மணலில் அது விழுந்து துள்ளியது. அடுத்தது. அதற்கடுத்தது. சோணைமுத்து அண்ணன் நொண்டிக்கொண்டே வந்து, புரிந்துகொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏலே, இங்கிட்டு மீன அள்ளி வீசுறாகடோய். ஓசி மீனு. அங்கிட்டு எதுக்குடா தடவிக்கிட்டு நிக்கிறீக?"

அது கேட்டது. ஆழம் என்று எத்தனை முறை கத்தியும் திரும்பாத தலைகள் ஓசி என்றதும் திரும்பின. முதலில் கோடியில் இருந்தவர்கள், பிறகு நடுவில் இருந்தவர்கள், தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு கரையேறி ராம்புக்கு ஓடி வந்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்து, "மொதலாளி சொன்னாரா?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன். எடுத்துக்கிட்டுப் போங்க. அந்தப் பக்கம் மட்டும் போகாதீக."

குழியில் எடுக்க முடிந்த மீன் எல்லாம் போனது. போலீஸ் ஜீப் வந்தபோது கரையில் செதில்தான் கிடந்தது.

6. செருப்பு

எல்லாரும் போய்விட்டார்கள் என்று நான் வடகரையைச் சுற்றி வந்தபோது, முள்கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார். ஆம்பளைச் செருப்பு. தண்ணீரைப் பார்த்து ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் ஏறினார்கள் என்றும் தெரியாது. போலீஸ்காரர் ஊருக்குள் போய் ஆள் காணவில்லையா என்று விசாரித்தார். எல்லா வீட்டிலும் அடுப்பில் மீன். பாதி வீட்டில் ஆம்பளைகள் இல்லை, கேட்டால் "எங்கிட்டாச்சும் போயிருப்பாக" என்ற பதில்தான்.

சோணைமுத்து அண்ணன் மோட்டார் ரூமில் இருந்து பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்தார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொக்கிக் கொத்து. தெப்பத்தில் உட்கார்ந்து திட்டின் விளிம்பை ஒட்டி அதை இறக்கி இறக்கி இழுத்தோம். ராமலிங்கம் அண்ணன் கரையில் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். வீட்டில் இருந்து போன் வந்தபோதெல்லாம் தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு தடவை கரண்டி எதிலோ மாட்டியது. கனமாக, கொஞ்சம் இளக்கமாக மேலே வந்தது. சோணைமுத்து அண்ணன் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ இழு" என்றார். என்னால் முடியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பாண்டியம்மாவின் ஊத்தா. உள்ளே மூங்கில் பட்டைகளுக்கு நடுவே சிக்கி ஒரு மிர்கால் செத்துக் கிடந்தது.

வெயில் சாயும்போது வெற்றுக் காலோடு ஒரு ஆள் ஆற்று மணலில் நடந்து வந்தார். நேராகக் கம்பி வேலிப் பக்கம் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

ராமலிங்கம் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க செருப்பா?"

"ஆமா, எங்குட்டுப் போகும்? ரெண்டு கையிலயும் மீனு. செருப்ப எந்தக் கையில தூக்குறது? கொழம்பு வச்சுத் தின்னுட்டு ஒரு தூக்கம் போட்டேன். அப்பறந்தேன் ஞாபகம் வந்துச்சு."

"தின்னுட்டுத் தூங்குனீரா?" என்று கேட்டார் சோணைமுத்து அண்ணன் தெப்பத்தில் இருந்தபடி.

"மீனு நல்லாத்தேன் இருந்துச்சு. லேசாச் சேத்து வாடை" என்றார் அவர்.

சோணைமுத்து அண்ணன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். பிறகு தெப்பத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் கரையேறிப் போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன்.

7. முதலாளி

கல்யாணச் சட்டையோடு முதலாளி வந்து குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். செத்து ஒதுங்கிய சின்ன மீன்களைக் காலால் ஒதுக்கினார். நான் வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

"யாரக் கேட்டு மீனக் குடுத்த?"

"யாரையும் கேக்கலைங்க."

"போன் எங்க?"

"தண்ணியில நனைஞ்சுருச்சுங்க. நனையலைன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா அப்பறம் குடுக்க முடியாது."

வடகரையில் பாண்டியம்மா போன இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடத்தில் தண்ணீர் மற்ற இடம் மாதிரியேதான் இருந்தது.

"எல்லாம் ஏறிட்டாகளா?"

"ஏறிட்டாகங்க."

"அப்ப சரி" என்றார். பிறகு, "சரியில்ல. ஆனா சரி" என்றார்.

இப்போது திட்டின் விளிம்பு நெடுகச் சிவப்புப் பெயிண்ட் அடித்த பீப்பாய்கள் கயிற்றில் கோத்து மிதக்கின்றன. படிக்கத் தெரியாதவருக்கும் அது தெரியும். ஷட்டருக்குப் பூட்டுப் போட்டாயிற்று, சாவி சோணைமுத்து அண்ணனிடம் இல்லை. மழை வாசம் வந்தால் அவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். வருஷத்துக்கு ஒரு நாள் ராம்ப் பக்கம் மட்டும் ஊருக்கு மீன் என்று முதலாளியும் நாட்டாமையும் பேசி வைத்திருக்கிறார்கள். ராமலிங்கம் அண்ணன் இன்றும் ஞாயிறு தவறாமல் வருகிறார். துண்டு போடுவதில்லை.

தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஆபத்து இருக்கிறது என்று சொன்னால் போதும் என்று நினைத்து நான் கரையில் நின்று கத்தினேன். அவர்களுக்குத் தெரிந்த தண்ணீர் முழங்கால் தண்ணீர். தெரியாத ஒன்றுக்கு ஒருவரும் பயப்பட மாட்டார்கள். கத்துவதை விட்டுவிட்டு, அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதைப் பாதுகாப்பான பக்கத்தில் வையுங்கள். முதலாளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் முதலாளி கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். போன மீன், புதுக் குஞ்சு, நாலு மாசம் டிக்கெட் இல்லாதது, பீப்பாய், கயிறு, பெயிண்ட் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். மீன் வரியில் விரல் நிற்கவே இல்லை. கடைசி வரியில் நின்றது. "பெயிண்ட் எதுக்கு வாங்கணும்? ட்ராக்டருக்கு அடிச்சது அர டின் வீட்டுல கெடக்கே" என்றார். பெயிண்ட் வரியை அடித்துவிட்டுத் திரும்பக் கூட்டினேன். நாலு லட்சத்து இருபதாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.